இன்சுலின் தடையும் சமூக வரலாறும்: மாப்பொருட் சகிப்பின்மை பற்றிய ஒரு நோக்கு

1. பிரச்சினையின் இயல்பு

நீரிழிவு வசதி படைத்தோரின் நோய் என்னும் கருத்து நெடுங்காலமாக நம்மிடையே நிலவி வருவதாகும். உண்டு கொழுத்து உடலுழைப்பின்றி இருப்போரையே அது பற்றும் என்ற எண்ணத்தைப் பண்டைய வைத்திய நூல்களிலும் காணலாம். அந்நூல்கள் எழுந்த காலத்திலே அக்கூற்றில் ஓரளவு உண்மை இருந்திருக்கலாம். ஆயின் அதே எண்ணம் இன்று வேறொரு வடிவத்தில் வழங்குகின்றது. ‘சீனி வருத்தம்’ வந்தவர் வாயைக் கட்டத் தெரியாதவர் என்றும், நோய் அவரது ஒழுக்கக் குறைவுக்குக் கிடைத்த கூலி என்றும் பலரும் பேசக் கேட்கின்றோம். வர்க்கத்தைச் சுட்டிய பழைய விளக்கம், தனிமனிதரைக் குற்றவாளியாக்கும் விளக்கமாக மாறிவிட்டது எனலாம்.

இவ்விளக்கத்தோடு புள்ளிவிபரங்கள் இசையவில்லை. 2005–2006 காலப்பகுதியில் இலங்கையிலே நடத்தப்பெற்று 2008இல் வெளியான ஆய்வு, இருபது வயதுக்கு மேற்பட்டோருள் 10.3 வீதத்தினர் நீரிழிவு உடையோர் எனக் கண்டது. 2018–2019இல் நடத்தப்பெற்று 2023இல் வெளியான மற்றோர் ஆய்வு, வளர்ந்தோருள் 23 வீதத்தினருக்கு நீரிழிவும், மேலும் 30.5 வீதத்தினருக்கு அதற்கு முந்திய நிலையும் இருப்பதாகக் கண்டது. இரு ஆய்வுகளின் முறைகளும் முற்றிலும் ஒத்தவையல்ல. ஆகவே எண்களை நேரே கழித்துப் பார்த்தல் பொருந்தாது. எனினும் போக்கு ஐயத்துக்கு இடமற்றது. ஒரு நாட்டின் வளர்ந்தோருட் பாதிக்கு மேற்பட்டோர் பதினைந்து ஆண்டுகளுள் ஒழுக்கம் கெட்டுவிட்டனர் என்று கூறுவது அறிவுக்குப் பொருந்துவதன்று. மாறியவை வாழ்நிலைமைகளே. முதலிற் குறிப்பிட்ட ஆய்வு ஒன்பது மாகாணங்களுள் ஏழினை மாத்திரமே உள்ளடக்கியது என்பதும் இவ்விடத்து மனங்கொள்ளத்தக்கது. போர் நிலவிய வடக்கும் கிழக்கும் அக்கணக்கில் இடம்பெறவில்லை.

நோய் பற்றிய பேச்சு, சமூகத்தின் கருத்துநிலையிலிருந்து பிரிக்க முடியாதது. காசநோயும் புற்றுநோயும் எவ்வாறு உருவகங்களாக்கப்பட்டு நோயாளியின் குணவியல்புக்கு அடையாளங்களாயின என்பதைச் சூசன் சொன்ராக் 1978இல் வெளியிட்ட நூலில் ஆராய்ந்தார். அந்நோக்கு நீரிழிவுக்கும் பொருந்தும். இலக்கிய மாணவர்க்கு இப்பொருளில் அக்கறை எழுவதும் இதனாலேயே. ஆயினும் உருவகத்தைக் களைவதற்கு முதற்படி, உடலிலே உண்மையில் நிகழ்வது யாது என அறிவதாகும்.

2. உடலில் நிகழ்வது

சோறு, பாண், பிட்டு, இடியப்பம், ரொட்டி, கிழங்கு, சீனி ஆகியவற்றிலே பெரும்பகுதியாக உள்ளது காபோவைதரேற்று. சமிபாட்டின்போது அதிலுள்ள மாப்பொருளும் வெல்லமும் குளுக்கோசு முதலான எளிய வெல்லங்களாக உடைந்து குருதியை அடைகின்றன. வளர்ந்த ஒருவரின் குருதி முழுவதிலும் சாதாரண நிலையில் உள்ள குளுக்கோசு ஏறத்தாழ 5 கிராம். அதாவது ஒரு தேக்கரண்டியளவு. சமைத்த சோறு 300 கிராம் கொண்ட ஒரு தட்டு, 80 கிராமுக்கு மேற்பட்ட காபோவைதரேற்றைத் தருகின்றது. குருதியிலுள்ள அளவைப் பெரிதும் உயரவிடாது இவ்வளவையும் உரிய இடங்களிற் சேர்க்கும் பணியை நெறிப்படுத்துவது இன்சுலின் என்னும் ஓமோன்.

சதையியிலுள்ள பீற்றாக் கலங்கள் இன்சுலினைச் சுரக்கின்றன. அது தசைக்கலத்தின் மேற்பரப்பிலே பொருந்தியதும், குளுக்கோசை உள்ளே கொண்டுசெல்லும் காவிப் புரதங்கள் கலத்தின் உட்புறத்திலிருந்து மேற்பரப்புக்கு வருகின்றன. ஈரல் குளுக்கோசைக் கிளைக்கோசனாகச் சேமிக்கத் தொடங்குவதுடன், தான் குளுக்கோசை ஆக்கி வெளிவிடுவதையும் குறைத்துக்கொள்கின்றது. கொழுப்பிழையத்திலிருந்து கொழுப்பமிலங்கள் வெளியேறுவதும் தணிகின்றது.

தசையும் ஈரலும் கொழுப்பிழையமும் வழமையான அளவு இன்சுலினுக்கு உரியவாறு இயங்காதிருத்தலையே இன்சுலின் தடை என்கின்றோம். தசையினுள்ளும் ஈரலினுள்ளும் கொழுப்பு மிகுதியாகச் சேர்ந்து இன்சுலினின் சமிக்ஞையைக் குழப்புவது இதற்கு ஒரு முக்கிய காரணமாகும். சதையி மேலும் மேலும் இன்சுலினைச் சுரந்து குறையை ஈடுசெய்கின்றது. இக்கட்டத்திலே குருதிக் குளுக்கோசு சாதாரண அளவிலேயே காணப்படும். பல ஆண்டுகள் இவ்வாறு கழியலாம். பின்னர் பீற்றாக் கலங்கள் தளர்வுறத் தொடங்க, உணவின் பின் உயரும் குளுக்கோசு நெடுநேரம் இறங்காது நிற்கின்றது. இதுவே மாப்பொருட் சகிப்பின்மை. பாலிலுள்ள வெல்லத்தைச் சமிக்க இயலாத நிலை இதனின் வேறு. நீரிழிவு கண்டறியப்படும் வேளையிலே பீற்றாக் கலங்களின் செயற்றிறனில் ஏறத்தாழ அரைவாசி இழக்கப்பட்டிருக்கும் என்பதைப் பிரித்தானியாவில் மேற்கொள்ளப்பட்ட நீண்டகால ஆய்வொன்று புலப்படுத்தியது. நோயின் வரலாறு, நோயாளி அதனை அறியும் நாளுக்கு நெடுங்காலம் முன்னரே தொடங்கிவிடுகின்றது.

3. கருத்தின் வளர்ச்சி

1921–1922 காலப்பகுதியில் ரொறன்ரோப் பல்கலைக்கழகத்திலே பான்ரிங், பெஸ்ற், மக்லியட், கொலிப் ஆகியோர் இன்சுலினைப் பிரித்தெடுத்துச் சிகிச்சைக்கு ஏற்றதாக்கினர். இதனால் நீரிழிவு என்பது இன்சுலின் இல்லாமையே என்ற எண்ணம் வலுப்பெற்றது. 1936இல் இலண்டனைச் சேர்ந்த கரோல்ட் கிம்ஸ்வேத், நோயாளிகளுக்குக் குளுக்கோசை அருந்தக்கொடுத்து உடனே இன்சுலினையும் ஊசிமூலம் செலுத்திப் பார்த்தார். சிலரிடத்தே குளுக்கோசு உயராது நின்றது. வேறு சிலரிடத்தே இன்சுலின் செலுத்தியும் அது உயர்ந்தது. எனவே இன்சுலினுக்கு இசையும் வகை, இசையாத வகை என நீரிழிவு இருவகைப்படும் என அவர் கூறினார்.

குருதியிலுள்ள இன்சுலினை அளக்கும் வழி அக்காலத்தில் இருக்கவில்லை. 1960இல் றோசலின் யாலோ, சொலமன் பேர்சன் இருவரும் கதிர்த்தொழிற்பாட்டை அடிப்படையாகக் கொண்ட அளவீட்டு முறையினால், வளர்ந்த பின் நீரிழிவுற்றோர் பலரது குருதியில் இன்சுலின் குறைவாகவன்றி மிகுதியாகவே இருப்பதை எடுத்துக்காட்டினர். யாலோவுக்கு 1977இல் நோபல் பரிசு கிடைத்தது. பேர்சன் 1972இலேயே காலமாகிவிட்டார். 1988இல் ஜெரால்ட் ரீவன் ஆற்றிய உரையிலே இன்சுலின் தடை, உயர் குருதியமுக்கம், குருதிக் கொழுப்பின் கேடு, இருதய நோய் ஆகியவற்றை ஒரு தொகுதியாகக் கண்டார். நீரிழிவை ‘சீனி’ என்ற ஒரே சொல்லில் அடக்கும் வழக்கம் இத்தொகுதியை மறைத்துவிடுகின்றது. சீனியை மாத்திரம் விலக்கிவிட்டுத் தட்டு நிறையச் சோறு உண்பவர் தாம் பத்தியம் காப்பதாக நம்புவதும் இச்சொல்வழக்கின் விளைவேயாகும்.

4. பசியின் வரலாறும் உடலும்

தென்னாசிய மக்களிடத்தே இன்சுலின் தடை ஏன் மிகுதியாகக் காணப்படுகின்றது? 1991இல் வெளியான இலண்டன் ஆய்வு, அங்கு வாழும் தென்னாசியருள் 19 வீதத்தினருக்கும், ஐரோப்பியருள் 4 வீதத்தினருக்கும் நீரிழிவு இருப்பதைக் கண்டது. தென்னாசியரிடத்தே வயிற்றுப் பகுதியிற் கொழுப்புச் சேர்வதும், குருதியில் இன்சுலின் மிகுந்திருப்பதும் இதனோடு தொடர்புற்றிருந்தன. உடல்நிறை பெரிதும் கூடாதோரும் இந்நிலைக்கு உள்ளாகினர். இதனை இனத்தின் மாறா இயல்பு என்று கொள்வோர் உளர். பரம்பரைக் கூறுகளுக்குப் பங்குண்டு என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவ்விளக்கம் போதுமானதன்று.

1944–1945 குளிர்காலத்தில் யேர்மானிய ஆக்கிரமிப்பாளரின் தடையினால் ஒல்லாந்தின் மேற்குப் பகுதியிலே பஞ்சம் ஏற்பட்டது. அப்பொழுது கருவிலிருந்தோர் ஐம்பது வயதளவில் பரிசோதிக்கப்பட்டபோது, அவர்களின் உடல் குளுக்கோசைக் கையாளும் திறன் குறைந்திருந்தது. 1998இல் வெளியான இம்முடிவு, கருவிலுற்ற பசி அரைநூற்றாண்டின் பின்னும் உடலிலே தங்கியிருக்கும் என்பதைக் காட்டிற்று. 2003இல் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் அவருடன் பணிபுரிந்தோரும் பூனே அருகேயுள்ள கிராமங்களிற் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தின் சவுத்ஹம்ரன் நகரிற் பிறந்த குழந்தைகளோடு ஒப்பிட்டனர். முன்னவரின் சராசரி நிறை 2.7 கிலோகிராம், பின்னவரின் நிறை 3.5 கிலோகிராம். பூனேக் குழந்தைகளிடத்தே தசை பெரிதும் குறைந்திருந்தது; ஆனால் தோலின் கீழுள்ள கொழுப்பு அவ்வளவுக்குக் குறைந்திருக்கவில்லை. குளுக்கோசின் பெரும்பகுதியை ஏற்கவேண்டிய உறுப்பு தசையே. அது குறைந்து பிறந்த உடல், மிகுதியான மாப்பொருளைப் பிற்காலத்தில் எதிர்கொள்ளும்போது இடர்ப்படுகின்றது.

இது நமது மலையகத்துக்கு நேரடியான பொருத்தமுடையது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தமிழகத்தின் வறட்சியும் பஞ்சமும் துரத்த இங்கு வந்தோரின் வழித்தோன்றல்களே தோட்டத் தொழிலாளர். தோட்டத்துறையிலே நிறை குறைந்து பிறக்கும் குழந்தைகளின் விகிதம் நாட்டின் ஏனைய துறைகளைவிட உயர்ந்தே இருந்து வந்துள்ளது. உடலுழைப்புக் குறையாத அம்மக்கள் நீரிழிவிலிருந்து முற்றாகக் காக்கப்பட்டுள்ளனர் என எண்ணலாகாது. உழைப்புக் காத்த உடலை, அவ்வுழைப்பிலிருந்து விலகி நகரக் கடைகளிலும் தையல் ஆலைகளிலும் நின்றும் இருந்தும் பணிபுரியும் அடுத்த தலைமுறையிடத்து எதிர்பார்த்தல் இயலாது.

5. உணவின் அரசியற் பொருளாதாரம்

மலிவான உணவு பெரும்பாலும் மாப்பொருளாகவே இருக்கின்றது. இது தற்செயலானதன்று. மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைத் தோட்டங்களில் விளைந்த சீனி, பிரித்தானியத் தொழிலாளருக்கு மலிவான சத்தியாகிய வரலாற்றை மானிடவியலாளர் சிட்னி மின்ற்ஸ் 1985இல் விரிவாக எழுதினார். பின்னர் அச்சீனியோடு இலங்கைத் தேயிலையும் சேர்ந்தது. அத்தேயிலையைப் பறித்தவரின் லயத்திலும் சீனியிட்ட சாயத்தண்ணீரும் கோதுமை மா ரொட்டியும் அன்றாட உணவாயின.

இந்நாட்டிலே கோதுமை பயிராவதில்லை. இரண்டாம் உலகப் போர்க்காலப் பங்கீடும், 1954இல் நிறைவேறிய அமெரிக்கச் சட்டத்தின்கீழ் வந்த உபரித் தானிய உதவியும், 1980இல் திருகோணமலையில் இயங்கத் தொடங்கிய பெரும் மா ஆலையும் கோதுமை மாவை நமது அன்றாட உணவாக்கின. அரிசியும் மாற்றமுற்றது. உரலிற் குற்றிய அரிசியின் இடத்தை ஆலையிற் தீட்டிய வெள்ளையரிசி பெற்றது. தவிட்டோடு நாரும் விற்றமின்களும் அகன்றன. சென்னையிலே நடத்தப்பெற்று 2009இல் வெளியான ஆய்வொன்று, மக்கள் பெறும் சத்தியில் ஏறத்தாழ அரைவாசி தீட்டிய தானியங்களிலிருந்தே வருவதையும், அவற்றை மிகுதியாக உண்போரிடத்தே இன்சுலின் தடை கூடியிருப்பதையும் கண்டது.

முற்போக்கு இயக்கங்களின் கோரிக்கை வரலாற்றையும் இவ்விடத்து நோக்குதல் வேண்டும். பங்கீட்டு அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டதை எதிர்த்து 1953 ஓகஸ்ட் 12ஆந் திகதி நடந்த ஹர்த்தால், மக்களின் உணவுரிமைப் போராட்டத்திலே பெருமைக்குரிய நிகழ்ச்சியாகும். அரைவயிற்று மக்களுக்கு அரிசி கேட்டது முற்றிலும் நியாயமே. ஆயினும் உணவுரிமை என்பது அரிசியின் அளவு என்றும் மாவின் விலை என்றும் நமது சிந்தனையிற் சுருங்கிவிட்டது. பருப்பு, பயறு, கடலை, முட்டை, மீன், மரக்கறி ஆகியவற்றின் விலை அரசியற் பிரச்சினையாகப் போதியளவு எழுப்பப்படவில்லை. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிலே ஏழைக் குடும்பங்கள் முதலிற் கைவிட்டவை புரத உணவுகளே. தட்டில் எஞ்சியது மாப்பொருள். 2021இல் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அச்சம்பளத்தில் வாழும் ஒருவரிடம் சோற்றைக் குறைத்து மீனையும் மரக்கறியையும் கூட்டுமாறு கூறும் ஆலோசனை, விஞ்ஞான அடிப்படையிற் சரியானதாயினும் நடைமுறையில் வெறும் உபதேசமாகிவிடும்.

6. அறிதலும் கட்டுப்படுத்தலும்

சமூகக் காரணத்தை வற்புறுத்துவது, தனிமனிதர் செய்யக்கூடியது எதுவுமில்லை என்ற முடிவுக்கு இட்டுச்செல்லலாகாது. முதலில் வேண்டப்படுவது காலத்தே அறிதல். உணவின்றி எடுத்த குருதியில் குளுக்கோசு டெசிலீற்றருக்கு 126 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருப்பின் நீரிழிவு. 100 முதல் 125 வரை முன்னிலை என்பது பரவலாகக் கைக்கொள்ளப்படும் வரையறை. 75 கிராம் குளுக்கோசு அருந்தி இரண்டு மணி நேரத்தின் பின் 140 முதல் 199 வரை இருப்பின் சகிப்பின்மை. 200க்குக் குறையாதிருப்பின் நீரிழிவு. அறிகுறிகள் இல்லாதவிடத்து ஒரே சோதனையைக் கொண்டு முடிவு செய்யாது மீண்டும் சோதித்தல் முறை. காலைச் சோதனை சாதாரணமாக இருப்போரிடத்தும் இரண்டு மணி நேரச் சோதனை குறையைக் காட்டலாம். சோதனைக்கு வழியில்லாதவிடத்து அளவுநாடாவும் பயன்தரும். தென்னாசிய ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றரும் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரும் இடுப்புச் சுற்றளவின் எச்சரிக்கை எல்லைகளாகும். கழுத்தின் பின்புறத்திலே தோல் கறுத்துத் தடிப்பதும் ஓர் அடையாளம். அதனை அழுக்கெனத் தேய்த்துப் பயனில்லை. கர்ப்பகாலத்தில் நீரிழிவுற்ற பெண்கள் பின்னரும் தவறாது சோதித்துக்கொள்ளல் வேண்டும்.

இரண்டாவது உணவு. சோற்றை முற்றாக நீக்கவேண்டியதில்லை. தட்டிலே அதன் இடத்தை மாற்றவேண்டும். தட்டின் அரைவாசி கீரையும் மரக்கறியும், கால்வாசி பருப்பு, மீன், முட்டை போன்ற புரத உணவு, எஞ்சிய கால்வாசி சோறு என்பது எளிதில் நினைவிற் கொள்ளத்தக்க அளவு. தீட்டாத சிவப்பரிசியும் புழுங்கலரிசியும் வெள்ளைப் பச்சையரிசியிலும் ஏற்றவை. குரக்கனும் நன்றே, எனினும் அது மருந்தன்று, நுண்ணிய மாவாக அரைத்து மிகுதியாக உண்டால் அதுவும் குளுக்கோசை உயர்த்தும். பனங்கட்டியும் கருப்பட்டியும் தீங்கற்றவை என்ற நம்பிக்கை தவறானது. அவற்றிலும் உள்ளது வெல்லமே. இனிப்பிட்ட தேநீரும் மென்பானங்களும் முதலில் விலக்கத்தக்கவை. இன்சுலினோ, சதையியைத் தூண்டும் மாத்திரையோ பயன்படுத்துவோர் வைத்தியரைக் கேளாது திடீரென மாப்பொருளைக் குறைத்தால் குளுக்கோசு ஆபத்தான அளவுக்கு வீழலாம் என்பதையும் மறத்தலாகாது.

மூன்றாவது தசையின் தொழில். சுருங்கி விரியும் தசை இன்சுலினின் துணையின்றியும் குளுக்கோசை ஏற்கின்றது. உணவின் பின் பத்துப் பதினைந்து நிமிடம் நடத்தலும் பயனுடையதாவது இதனாலேயே. சீனாவின் டாச்சிங் நகரில் 1986இல் தொடங்கிய ஆய்வு, உணவு மாற்றமும் உடற்பயிற்சியும் சகிப்பின்மை நீரிழிவாக மாறுவதைக் குறைக்கும் என நிறுவியது. அமெரிக்காவில் 2002இல் வெளியான ஆய்விலே இக்குறைவு 58 வீதமாயிருந்தது. நமக்கு நெருக்கமானது, சென்னையைச் சேர்ந்த ராமச்சந்திரன் குழுவினர் 531 பேரிடத்தே நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வு. மூன்று ஆண்டுகளில், பொது ஆலோசனை மாத்திரம் பெற்றோருள் 55 வீதத்தினர் நீரிழிவுற்றனர். வாழ்க்கைமுறையை மாற்றியோருள் 39.3 வீதத்தினரும், மெற்போமின் மாத்திரை பெற்றோருள் 40.5 வீதத்தினரும் அந்நிலை அடைந்தனர். பயன் உண்மையானது, அதன் எல்லையும் உண்மையானது. முறையாக நடந்துகொண்டோருள்ளும் ஐவரில் இருவருக்கு நோய் வந்தது. அவர்களை ஒழுக்கமற்றோர் என்பது அநீதி.

ஏலவே நீரிழிவுற்றோர்க்கும் நம்பிக்கைக்கு இடமுண்டு. பிரித்தானியாவிலே நோயுற்று ஆறு ஆண்டுகளுக்கு மேற்படாத, உடல்நிறை கூடியோரிடத்தே நடத்தப்பெற்று 2017இல் வெளியான ஆய்விலே, மருத்துவக் கண்காணிப்பில் உணவைக் கடுமையாகக் குறைத்து நிறை இழந்தோருள் 46 வீதத்தினர் ஓராண்டில் மருந்தின்றி நீரிழிவு நிலையிலிருந்து மீண்டனர். ஈரலிலும் சதையியிலும் சேர்ந்த கொழுப்புக் குறைந்தமையே இதற்குக் காரணம் என விளக்கப்படுகின்றது.

7. முடிவாக

இன்சுலினைக் கண்டோர் 1923இல் அதன் காப்புரிமையைத் தலைக்கு ஒரு டொலர் பெற்று ரொறன்ரோப் பல்கலைக்கழகத்துக்கு அளித்தனர். நிறையைக் குறைத்து இன்சுலின் தடையைத் தணிக்கும் அண்மைக்கால ஊசிமருந்துகளோ பெருநிறுவனங்களின் இலாபப் பொருள்களாகவே நமது சந்தைக்கு வந்தன. அறிவு பொதுவுடைமையாவதும் பண்டமாவதும் உற்பத்தி உறவுகளைப் பொறுத்தது.

அரசு விரும்பின் உணவை மாற்றலாம் என்பதற்குத் தமிழ் வம்சாவளியினரும் வாழும் மொரீசியஸ் சான்று. 1987இல் அந்நாட்டு அரசு மக்களுக்கு வழங்கும் சமையலெண்ணெயைப் பாமெண்ணெயிலிருந்து சோயாவெண்ணெய்க்கு மாற்றியது. ஐந்து ஆண்டுகளில் மக்களின் குருதிக் கொலஸ்திரோல் குறைந்தது. நீரிழிவு அவ்வாறு குறையவில்லை. ஒரு பண்டத்தை மாற்றுவதால் மாத்திரம் அது தணியாது. இலங்கையும் 2016இல் மென்பானங்களுக்கு நிறக்குறியீட்டையும் 2017இல் சீனி வரியையும் கொணர்ந்தது. ஆனால் வரி அடுத்த ஆண்டிலேயே குறைக்கப்பட்டது.

எனவே கோரிக்கைகள் தெளிவாக வேண்டும். கருவுற்ற தாய்மாருக்குப் புரதம் நிறைந்த உணவு, பாடசாலை உணவிலே பயறும் முட்டையும், பருப்புக்கும் தீட்டாத அரிசிக்கும் விலைச்சலுகை, நாட்சம்பளத்தை இழக்காது செல்லக்கூடிய நேரங்களில் தோட்டங்களிலே குருதிச் சோதனை என்பன தொழிற்சங்கங்களின் கோரிக்கைப் பட்டியலிலே இடம்பெறத் தக்கவை. சம்பளப் போராட்டத்தை இவற்றினின்றும் பிரித்து நோக்குதல் இயலாது. நோயாளியிடம் ‘என்ன தின்றாய்?’ என்று கேட்பதோடு, தின்பதற்கு அவருக்கு என்ன கிடைத்தது என்றும் கேட்கும் சமூகமே இந்நோயைக் கட்டுப்படுத்த வல்லது.